அடுத்தவர் பிள்ளை

புனிதாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் பிரிக்பீல்ட்ஸில் வரிசை பிடித்து நிற்பார்கள். தெய்வம் என்பார்கள், தாய் என்பார்கள், அவள் மட்டும் இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகள் என்ன ஆகியிருக்கும் என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்த வரிசையில் நான் நிற்க மாட்டேன். அவளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இன்றைக்கும் எரிகிறது. ஆனாலும் அவள் கதையை என்னைவிட ஒழுங்காக யாராலும் சொல்ல முடியாது. பிடித்தவர்கள் ஒருத்தியை அரைக்கண்ணால்தான் பார்ப்பார்கள். நான் அவளை வருஷக்கணக்காக முழுக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேரில் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், நீங்க வாங்க என்றுதான் பேசுவேன். என்னைவிட மூத்தவள். ஆனால் இங்கே அவள், இவள்தான். அந்தச் சுதந்திரமாவது எனக்கு இருக்கட்டும்.

ஆள் பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. குட்டையாக, கொஞ்சம் பருமனாக இருப்பாள். மூக்குக்கண்ணாடி எப்போதும் மூக்கின் நுனியில்தான் நிற்கும். கிள்ளானில் பிறந்து கிள்ளானிலேயே வளர்ந்தவள். ரொம்பக் காலம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தாள். அது முடிந்த பிறகு கிள்ளான் கொம்யூட்டர் ரயில் ஸ்டேஷன் பக்கம் ஒரு மேசை போட்டு, விடிகாலையில் மசாலா வைத்து மூடிப் பொரித்த கறிபாப்பும் வடையும் விற்க ஆரம்பித்தாள். வேலைக்கு ஓடுகிறவர்கள் பொட்டலமாகத் தாபாவ் பண்ணிக்கொண்டு ஓடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் மேசையை மடித்துவிடுவாள். கல்யாணம் இல்லை. அப்பா விட்டுப்போன வரிசை வீடு ஒன்று, அவ்வளவுதான் சொத்து. இப்படி ஒருத்தியைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா என்று கேட்பீர்கள். நான் பட்டேன்.

என் பெயர் தங்கமணி. சாலாக் செலாத்தானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் லோகன் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே பெண், வாணி. ஆட்டிசம் என்றார் டாக்டர், அதோடு வளர்ச்சியும் தாமதம் என்றார். வாணிக்குப் பேச்சு அதிகம் வராது. ‘வேணாம்’ என்பாள், ‘ரயிலு’ என்பாள். ‘அம்மா’ என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட அவசியமே இருக்கவில்லை, நான்தான் எந்நேரமும் பக்கத்திலேயே இருந்தேனே. குளிப்பாட்டுவது, தலை வாருவது, சோற்றை உருட்டி வாயில் வைப்பது எல்லாம் நான்தான். வேறு யார் கை வந்தாலும் வாயை இறுக மூடிக்கொள்வாள். அவள் அப்பா கை வந்தாலும் அப்படித்தான். ஊருக்கு அது கஷ்டமாகத் தெரிந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

பள்ளிக்கூடத்தில் சிறப்பு வகுப்பு பத்தொன்பது வயதோடு முடிந்துபோனது. அதற்குப் பிறகு என்ன என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இல்லை. வீடுதான். நாங்கள் இரண்டு பேரும் நாலு சுவருக்குள் கிடந்தோம். வாணிக்கு ரயில் கதவு மூடித் திறப்பதைப் பார்க்கப் பிடிக்கும். அதற்காகவே மத்தியானத்தில் கொம்யூட்டரில் ஏற்றிக்கொண்டு எங்கேயாவது போய்விட்டுத் திரும்புவேன்.

அப்படி ஒரு நாள் கிள்ளான் லைனில் போகும்போதுதான் புனிதா எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஸ்பீக்கரில் அறிவிப்பு வந்ததும் வாணி வழக்கம்போல இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முனக ஆரம்பித்தாள். பெட்டியில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மீதிப் பேர் போனைப் பார்ப்பதுபோல நடித்தார்கள். இவள் ஒருத்தி மட்டும் தன் காதைத் தானும் பொத்திக்கொண்டாள். ஒன்றுமே நடக்காததுபோல ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாணி அவளைப் பார்த்தாள். முனகலை நிறுத்தினாள். சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்காக வீட்டில் நான் ஆடாத கூத்தில்லை. எவளோ ஒருத்தி இரண்டு கையைத் தூக்கிக் காதில் வைத்து அதை வாங்கிவிட்டாள். அன்றைக்கே எனக்குப் பிடிக்கவில்லை.

அறிவிப்பு முடிந்ததும் அவள்தான் பேச்சை எடுத்தாள். “சனிக்கிழம பிரிக்பீல்ட்ஸ் வாங்க தங்கச்சி. நம்மள மாதிரி குடும்பம் நெறைய வராங்க. காசெல்லாம் ஒண்ணும் இல்ல லா.”

“நம்மள மாதிரின்னா? உங்க வீட்லயும் இப்படிப் பிள்ள இருக்கா?”

“இருந்தான்,” என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை.

போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். லோகன் விடவில்லை. “மணி, நீயும் நாலு மனுசங்கள பாத்து பேசி எவ்ளோ நாளாச்சு,” என்று அந்தச் சனிக்கிழமை அவரே கொண்டுபோய் விட்டார்.

துன் சம்பந்தன் சாலைக்குப் பின்பக்கம், ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த ஹால். பதினைந்து இருபது குடும்பங்கள் வரும். செந்தூல், ரவாங் என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். பிள்ளைகள் என்று நாங்கள் சொல்வோமே தவிர பாதிப் பேருக்கு மீசை நரைத்துவிட்டது. மாடிப்படி ஏறியதும் தம்புசாமி அண்ணன் நிற்பார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மகன் கன்னையாவும் அங்கே வரும் பிள்ளைகளில் ஒருவன், முப்பது வயது. எல்லோரும் வந்து சேர்ந்ததும் அண்ணன் பிளாட்பாரத்தில் அறிவிக்கிற மாதிரி உரக்கச் சொல்வார், எந்தப் பிள்ளைக்கு யார் என்று.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த ஹாலில் யாரும் தன் பிள்ளையைத் தான் பார்த்துக்கொள்ளக் கூடாது.

“யார் வீட்டுப் பிள்ளையோ அந்த வீட்டாளுங்க அந்தப் பிள்ளகிட்ட உக்காரப்படாது,” என்றார் அண்ணன் முதல் நாளே. “சாப்பாட்டிலேருந்து பாத்ரூம் வரைக்கும் வேற வீட்டாளுங்கதான். புனிதா போட்ட ரூல்சு. இஷ்டம் இருந்தா இருங்க.”

“இது என்னண்ணே அநியாயம்? பெத்தவ நான் இங்கயே நிக்கிறேன்.”

“நில்லும்மா. அந்தப் பக்கம் நில்லு.”

வாணியைப் புனிதாவுக்குக் கொடுத்தார். அவள் வீட்டில் பிள்ளை இல்லாததால், புதிதாக வருகிற பிள்ளைகள் முதலில் அவளிடம்தான் போகும். கன்னையாவை என் தலையில் கட்டினார். நல்ல பையன், அதில் குறை சொல்லக் கூடாது. கைக்குட்டையை மடித்துப் பிரித்து மடித்துப் பிரித்துக் கொண்டிருப்பான். நானும் பேருக்கு அவன் பக்கத்தில் உட்கார்ந்து மடித்தேன். என் கண் முழுக்க ஹாலின் அந்தக் கோடியில் இருந்தது.

சாப்பாட்டு நேரத்துக்காகத்தான் காத்திருந்தேன். வாணி வாயைத் திறக்க மாட்டாள், அப்போது எல்லோரும் என்னைத்தானே கூப்பிட வேண்டும்? புனிதா என்ன செய்தாள் தெரியுமா? வாணிக்கு முன்னால் ஒரு தட்டை வைத்தாள். தன் முன்னால் ஒரு தட்டை வைத்தாள். திரும்பி உட்கார்ந்து தன் பாட்டுக்குச் சாப்பிட்டாள். ஊட்டவில்லை, கெஞ்சவில்லை, பார்க்கக்கூட இல்லை. வாணி பட்டினியாகத்தான் வீட்டுக்கு வந்தாள். அடுத்த சனிக்கிழமையும் பட்டினி. நான் கத்தினேன், அழுதேன். லோகனிடம் இனிமேல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றேன். இருந்தும் அடுத்த வாரம் போனேன். புனிதா தோற்பதைப் பார்க்க வேண்டும் என்றுதான் போனேன்.

ஒரு சனிக்கிழமை வாணி தட்டில் கையை வைத்தாள். சோற்றைக் கிள்ளினாள். பொரித்த முட்டையைப் பிய்த்தாள். வாயில் போட்டாள். யாரோ என் தோளைத் தட்டி, “உன் பொண்ணு சாப்புடுறாடி!” என்றார்கள். நான் சிரித்தேன். என்ன செய்ய, சிரிக்க வேண்டிய இடம். ஆனால் உள்ளே எனக்கு எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். வருஷம் வருஷமாக இந்தக் கையால் உருட்டி உருட்டிக் கொடுத்தேன். அவள் ஒரு வாய்கூட ஊட்டாமல், முகத்தைக்கூடத் திருப்பாமல், என் மகளைச் சாப்பிட வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். வாணி வாசனை பார்த்துத்தான் ஆட்களை அடையாளம் கண்டுகொள்வாள். புனிதாவின் தோளில் மூக்கை வைத்து முகர்ந்துவிட்டு நிற்பாள். அவள் என்ன பவுடர் போடுகிறாள் என்று கண்டுபிடித்து அதே டப்பா ஒன்று வாங்கினேன். கழுத்து முழுக்க அப்பிக்கொண்டு வாணி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முகர்ந்தாள். தும்மினாள். எழுந்து போய்விட்டாள்.

லோகன் வாசலில் நின்று பார்த்துவிட்டார். “என்னடி, மாவு மில்லுல வேலைக்குச் சேந்துட்டியா?”

“சும்மா இருங்க. வெறுப்பேத்தாதீங்க.”

கன்னையாவுக்கு மட்டும் நான் என்றால் உயிர். தம்புசாமி அண்ணன் ஒரு நாள், “வீட்டுல மணி ஆன்டி, மணி ஆன்டினு எங்க உசுர வாங்குறான் லா. அவங்கம்மா மூஞ்சியப் பாக்கணுமே!” என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் வீட்டுக் கதை எனக்கு எதற்கு?

இப்படியே ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் எனக்கு உடம்புக்கு முடியாமல் போனது. கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள். நான் போகவில்லை. வாணியை யார் பார்த்துக்கொள்வது? மறுபடி தேதி கொடுத்தார்கள், மறுபடியும் போகவில்லை. லோகனுக்கு விடிவதற்கு முன்னால் பஸ் எடுக்க வேண்டும். ரவாங்கில் இருக்கும் என் நாத்தனாரைக் கேட்டேன். “ஐயோ அண்ணி, எங்க வீட்ல மாடிப்படி இருக்கே,” என்றாள். மாடிப்படிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைசியில் டாக்டரம்மா கோபப்பட்டுவிட்டார். இனியும் தள்ளிப்போட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்.

இதை எப்படியோ லோகன் ஹாலில் உளறிவிட்டார். சனிக்கிழமை தட்டுக் கழுவும்போது புனிதா பக்கத்தில் வந்து நின்றாள்.

“வாணி எங்கூட கிள்ளான்ல இருக்கட்டும் தங்கமணி. நீ ஆபரேஷன முடிச்சிட்டு உடம்பு தேறி வா.”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. “சனிக்கிழம பத்தலையாக்கா? மொத்தமாவே எடுத்துக்கலாம்னு பாக்குறீங்களா? உங்களுக்குப் பிள்ள இல்லன்னா நான் என்ன செய்ய முடியும்?”

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அவள் மூடினாள். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன், வரவில்லை. தட்டைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

“எனக்குத் தம்பி ஒருத்தன் இருந்தான். குகன்னு பேரு. உன் வாணி மாதிரிதான். எங்கம்மா கையால மட்டும்தான் சாப்புடுவான். எங்கம்மாவுக்கு அதுல ஒரே பெரும. ‘எங்கிட்ட மட்டும்தான் சாப்புடுவான்’னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லும். நான் ஒரே வீட்டுலதான் இருந்தேன். ஷிப்ட் முடிச்சி வந்தா தூங்குவேன். அவனுக்கு ஒரு வாய் குடுத்துப் பாக்கணும்னு எனக்கும் தோணல, எங்கம்மாவும் விடல. திடீர்னு எங்கம்மா போயிருச்சி. மாரடைப்பு. காரியம் முடிஞ்சி சோறு கொண்டுபோயி குடுத்தா வாயத் தொறக்க மாட்டேங்கிறான். எங்கம்மா சீலையக் கட்டிக்கிட்டுப் போயி குடுத்தேன், தங்கமணி. அந்தச் சீலைய மோந்து பாத்துட்டு என் மூஞ்சியப் பாத்தான். அப்புறம் சுவத்துப் பக்கம் திரும்பிட்டான்.”

“அப்புறம்?”

“ஆஸ்பத்திரில மூக்குல டியூப் வெச்சாங்க. பிச்சி எறிஞ்சான். எங்கம்மா போயி வருஷம் திரும்பல, அவனும் போயிட்டான். நிமோனியான்னு சொன்னாங்க. பசிதான், எனக்குத் தெரியாதா?”

அந்த ரூல்ஸ் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. குகன் போன பிறகு அவள் தனக்குத் தெரிந்த நாலு வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறாள். உங்கள் பிள்ளையை ஒரு மணி நேரம் எனக்குக் கொடுங்கள், அவர்கள் பிள்ளையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று. முதலில் பிள்ளை பிடிக்கிறவள் என்று விரட்டியிருக்கிறார்கள். தம்புசாமி அண்ணனே கதவைச் சாத்தியிருக்கிறார். இவள் விடவில்லை. கறிபாப்பைத் தூக்கிக்கொண்டு மறுபடி போய் நின்றிருக்கிறாள். அப்படி வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்த கூட்டம்தான் அந்த மேல்மாடியில் இருப்பது.

இதையெல்லாம் கேட்டு என் மனசு கரைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கண்ணில் தண்ணீர் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரோடு பொறாமை போகவில்லை. குகனுக்காக அழுதேன், வாணிக்காகப் பயந்தேன், புனிதா மேல் எரிந்தேன். எல்லாம் ஒரே வயிற்றில்தான் கிடந்தது. நானும் வர்றவங்க போறவங்ககிட்ட அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்? ‘எங்கிட்ட மட்டும்தான் சாப்புடுவா’ என்று.

சரி என்று சொன்னேன்.

நேராகக் கொண்டுபோய் விட்டுவிட முடியாது, முதலில் பழக்க வேண்டும் என்றாள் புனிதா. சாயங்காலங்களில் கிள்ளானிலிருந்து ரயில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் உள்ளே வந்தால் நான் வெளியே போய்விட வேண்டும். என் வீடு, என் சமையலறை, என் மகள், நான் மட்டும் கீழே அய்யூப் டீக்கடையில். அய்யூப் அண்ணன் நல்ல மனுஷர். நான் டீயை வைத்துக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு ஒரு நாள் கேட்டார்.

“என்ன தங்கச்சி, வீட்ல ஏதும் சண்டையா?”

“இல்லண்ணே. பொண்ணு மேல இருக்கா. ஒரு அக்கா பாத்துக்குறாங்க. அழறாளான்னு கேக்குறேன்.”

“ஒண்ணும் கேக்கலயே. நல்லாத்தானே இருக்கு?”

நல்லாத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே ஒரு கத்தல், அது போதும் எனக்கு. மூன்று படியை ஒரே தாவாகத் தாவி ஏறிவிடுவேன். ஆனால் கத்தினால் ஆபரேஷனுக்குப் போக முடியாது. கத்தாவிட்டால் எனக்கு உயிர் உண்டு. இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே அந்தக் கத்தலுக்காக ஏங்கினேன். டீ ஆறி ஏடு கட்டியது. மேலே ஒரு சத்தமும் வரவில்லை.

ஆபரேஷன் முடிந்து வார்டில் கிடந்தபோது லோகன் போனை முகத்துக்கு முன்னால் நீட்டினார். புனிதா வீடியோ அனுப்பியிருந்தாள். கிள்ளான் வீட்டின் சமையலறைத் தரையில் வாணி உட்கார்ந்து கறிபாப்பின் ஓரத்தை விரலால் அழுத்தி மூடிக்கொண்டிருக்கிறாள். ஒரே அளவாக, ஒரே அழுத்தமாக. ஒன்றை முடித்ததும் அடுத்ததை எடுக்கிறாள்.

“பாத்தியா மணி, நம்ம வாணி!” லோகன் போனை இன்னும் கிட்டக் கொண்டுவந்தார்.

“என் வீட்ல ஒரு டம்ளர் கழுவ விட்டதில்ல நான்,” என்றேன். தையல் போட்ட இடம் வலித்தது. போனைத் திருப்பி வைக்கச் சொன்னேன். அவர் வெளியே போனதும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு ரிப்போர்ட் வந்தது. கட்டி நல்ல கட்டி இல்லை. முழுவதும் எடுத்தாகிவிட்டது, இருந்தாலும் ரேடியேஷன் கொடுக்க வேண்டும், தினமும் வர வேண்டும், ரொம்ப அசதியாக இருக்கும் என்றார் டாக்டரம்மா. எத்தனை நாள் என்று லோகன் கேட்டார். மாதக்கணக்கு என்றார்.

வாணியைக் கூட்டிவர என்று கிளம்பியிருந்த நாள் அது. ஒரு வேனை இரவல் வாங்கிக்கொண்டு கிள்ளானுக்குப் போனோம். வாணியின் பையைப் புனிதா தயாராகக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. வெங்காயம் நறுக்கினேன் என்றாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. வாணி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். என் தோளை முகர்ந்தாள், நின்றாள், மறுபடியும் முகர்ந்தாள். ஆஸ்பத்திரி வாசனை போலும். பிறகு போய்த் தன் பாயில் உட்கார்ந்துகொண்டாள். தன் பாய் என்கிறேன் பாருங்கள். அந்த வீட்டில் அவளுக்கு என்று ஒரு பாய் இருந்தது.

லோகன் பையைத் தூக்காமல் என் முகத்தைப் பார்த்தார். பேச வேண்டியது யார் என்று அவருக்குத் தெரியும்.

“அக்கா,” என்றேன். “அவ இங்கயே இருக்கட்டும். ட்ரீட்மென்ட் முடியற வரைக்கும்.”

புனிதா என் கையைப் பிடிக்க வந்தாள். நான் கொடுக்கவில்லை. அவ்வளவு பெரிய மனசெல்லாம் எனக்குக் கிடையாது. “முட்டைய நல்லா பொரிக்கணும், ஓரம் மொறுமொறுன்னு இருக்கணும்,” என்று மட்டும் சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டேன். பையை லோகன் உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

ரேடியேஷன் ஆரம்பித்து சில வாரங்கள் ஹாலுக்குப் போக முடியவில்லை. நடந்தால் தலை சுற்றியது. கொஞ்சம் தெம்பு வந்த ஒரு சனிக்கிழமை லோகனை நச்சரித்து பிரிக்பீல்ட்ஸ் போனேன். அந்த மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். வாணி புனிதாவோடு வந்திருந்தாள். நான் வாங்கித் தராத ஒரு சட்டை போட்டிருந்தாள், மஞ்சளில் வெள்ளைப் பூ. அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எரிந்தது.

தம்புசாமி அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு வழக்கம்போல அறிவிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்து, “கன்னையா, புனிதாகிட்ட,” என்றார். கன்னையா என் ஆள் ஆயிற்றே. “வாணி, தங்கமணிகிட்ட.”

நான் அண்ணன் பக்கம் போனேன்.

“அண்ணே, மாத்திச் சொல்றீங்க. வாணி என் பொண்ணு.”

“தெரியும்மா. இப்ப எந்த வீட்ல இருக்கா?”

நான் புனிதாவைப் பார்த்தேன்.

“புனிதா வீட்ல இருக்கா. புனிதா வீட்டுப் பிள்ளைய புனிதாகிட்ட எப்படிக் குடுக்கறது? ரூல்ஸ் போட்டதே அவதானே லா.” அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

நல்ல மனசில் சொன்னாரா, ரயில்வே புத்தியில் சொன்னாரா, இன்றுவரை தெரியாது. என் மகள் எனக்குக் கிடைத்தாள், இன்னொருத்தி வீட்டுப் பிள்ளையாகக் கிடைத்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் புனிதா வாயைத் திறந்தாள். “அண்ணே, வாணிக்கு இப்பத்தான் ஒரு பழக்கம் வந்திருக்கு. இன்னிக்கு மட்டும் நானே...” சொல்லும்போதே தான் என்ன சொல்கிறோம் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டாள். அந்த ரூல்ஸை உடைக்க அவள் கேட்டு ஒருவரும் பார்த்ததில்லை. அவள் முகம் கோணிப்போயிருந்தது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும், கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். கன்னையா கைக்குட்டையை நீட்டிக்கொண்டு நிற்க, அதை வாங்கக்கூடத் தோன்றாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு நேரம் வந்தது. வாணி முன்னால் ஒரு தட்டை வைத்தேன். என் முன்னால் ஒரு தட்டை வைத்தேன். என் விரல் தானாகவே அவள் தட்டுப் பக்கம் போனது, சோற்றை உருட்ட. இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு திரும்பி உட்கார்ந்து என் சோற்றை நான் சாப்பிட்டேன். வாயில் ருசி எதுவும் இல்லை. பக்கத்தில் முட்டை பிய்கிற சத்தம் கேட்டது. மெல்லுகிற சத்தம் கேட்டது. அவள் சாப்பிடுகிறாள். நான் ஊட்டாமல் சாப்பிடுகிறாள். நாளைக்கு நான் இல்லாவிட்டாலும் சாப்பிடுவாள். அடுத்த வாய்ச் சோற்றைத் தண்ணீர் குடித்து இறக்கினேன், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கோடியிலிருந்து ஒருத்தி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும். நன்றாகப் பார்க்கட்டும்.